யார்மீது சினம்?

உளியின் ஓசை கேட்டுக் கண் விழிக்கும் ஊர் மயிலாடி. நாஞ்சில் நாட்டில், மருந்துவாழ்மலைக்கு அண்மையில், கல்லைக் கலையாக்கும் கைகள் நிறைந்த ஊர். கோயிலுக்கு வேண்டிய சிலையும், நாற்சந்திக்கு வேண்டிய தலைவர் உருவமும் அங்கே அருகருகே பிறக்கின்றன.

அந்த ஊரில் ஒரு வீட்டைக் காட்டுகிறேன், தோழனே! பெயர் கேளாதே. ஒரு வீட்டின் கதையன்று இது. பல வீடுகளில் நடப்பதை ஒரு கூரையின்கீழ்க் கொண்டுவந்து நிறுத்துகிறேன். உன் ஊரிலும் அப்படியொரு வீடு உண்டு. உன் தெருவிலேயே இருக்கலாம். ஏன், உன் வீடாகவே இருக்கலாம்!

எழுபத்தெட்டு வயது முதியவர். ஐம்பது ஆண்டுகள் உளி பிடித்த கை. கல்லைத் தட்டி, அது எழுப்பும் ஒலியைக் கேட்டே, உள்ளே விரிசல் உண்டா இல்லையா என்று உரைத்தவர். இன்றோ, காலையில் உண்டதை முற்பகலில் மறக்கிறார். ‘சோறு போடவில்லை’ என்று திண்ணையில் அமர்ந்து, தெருவே கேட்கும்படி முறையிடுகிறார். குளிக்க அழைத்தால் கையை உதறுகிறார். மாலை மயங்கும் வேளையில், தம் வீட்டில் இருந்துகொண்டே, ‘வீட்டுக்குப் போகணும்’ என்று புறப்படுகிறார். நள்ளிரவில் எழுந்து, பட்டறைக்குப் போகக் கதவை இடிக்கிறார். பட்டறை விற்கப்பட்டு ஏழு ஆண்டுகள் ஆகின்றன!

எல்லாவற்றிற்கும் மேலாக ஒரு பழி. ‘என் உளியை இவள் திருடிவிட்டாள்’ என்கிறார். யாரை? அவருக்குச் சோறு பிசைந்து கொடுக்கும் மருமகளை. ஈரத்துணியை இரவு இரண்டு மணிக்கு மாற்றிவிட்டு, விடியலில் அதைத் துவைத்துக் காயப்போடும் அந்த மருமகளை. ‘மாமா, மாமா’ என்று நாளெல்லாம் அவர் பின்னே நடக்கும் அவளுக்கு அவர் தந்திருக்கும் பட்டம், ‘கள்ளி!’

இந்த வழக்கில் தீர்ப்பு வழங்க மூவர் வருகின்றனர்.

முதலாமவர், அண்டை வீட்டார். ‘கிழவருக்குப் பிடிவாதம். வேண்டுமென்றே செய்கிறார். ஒருநாள் அதட்டிப் பார், அடங்கிவிடுவார்’ என்கிறார்.

இரண்டாமவர், திருநீறும் தாயத்தும் தருபவர். ‘யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள். கழிப்பு கழிக்க வேண்டும். ஆகும் செலவு இவ்வளவு’ என்று கணக்கும் சொல்லிவிடுகிறார்.

மூன்றாமவன், முதியவரின் மகன். படித்தவன். பகுத்தறிவாளன் என்று தன்னைச் சொல்லிக்கொள்வதில் பெருமை கொள்பவன். அவன் தாயத்தைத் தூக்கி எறிகிறான். நன்று! ஆனால் அடுத்த கணம், தந்தையின் எதிரே அமர்ந்து வாதிடத் தொடங்குகிறான். ‘அப்பா, நீங்கள் சொல்வது தவறு. பட்டறையை விற்றாயிற்று. இதோ பத்திரம். இதோ உங்கள் கையொப்பம்.’ முதியவர் பத்திரத்தைப் பார்க்கிறார், மகனைப் பார்க்கிறார், ‘நீயும் அவளோடு சேர்ந்துவிட்டாயா?’ என்று கேட்கிறார். மகனுக்குச் சினம் பொங்குகிறது. குரல் உயர்கிறது. அன்றிரவு அந்த வீட்டில் எவரும் உறங்கவில்லை.

மூவரில் முன்னிருவரைப் பற்றி நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று அந்த மூன்றாமவனைப் பற்றிப் பேசவேண்டியிருக்கிறது. ஏனெனில், அவன் நம்மவன்.

அவன் செய்ததில் என்ன பிழை? உண்மையைத்தானே சொன்னான்? சான்றைத்தானே காட்டினான்? ஆம். ஆயினும், கூர்ந்து நோக்கினால், மூவரும் ஒரே பிழையை மூன்று விதமாகச் செய்திருப்பது விளங்கும். முதியவருக்குள்ளே ஒருவன் உட்கார்ந்துகொண்டு, அறிந்தே இவற்றைச் செய்கிறான் என்று மூவரும் நம்புகின்றனர். அவன் பிடிவாதக்காரன் என்கிறார் ஒருவர். பேய் என்கிறார் மற்றவர். தவறான கருத்துடையவன் என்கிறான் மகன். அதட்டலால் அடக்கலாம் என்பது ஒன்று, சடங்கால் விரட்டலாம் என்பது ஒன்று, வாதத்தால் வெல்லலாம் என்பது ஒன்று. ஆனால், வெல்லப்படவேண்டிய எதிரி எவனும் அங்கே இல்லையே! இருப்பது நோயுற்ற ஒரு மூளை. அதனுள் அகப்பட்டுத் தவிக்கும் ஒரு மனிதர்.

1901-ஆம் ஆண்டு, செருமானிய நாட்டுப் பிராங்பர்ட் நகர மருத்துவமனைக்கு ஐம்பத்தொரு வயதுப் பெண்மணி ஒருவர் கொண்டுவரப்பட்டார். அகஸ்ட் டெட்டர் என்பது அவர் பெயர். கணவன்மீது காரணமற்ற ஐயம்தான் அவரிடம் முதலில் தென்பட்ட மாற்றம். பொருள்களை ஒளித்து வைத்தார். தம்மைக் கொல்ல வருகிறார்கள் என்று அலறினார். தம் பெயரையே எழுத முடியாமல் தடுமாறினார். அவரைப் பரிசோதித்த மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர், ‘கெட்டவள்’ என்று எழுதவில்லை, ‘பேய் பிடித்தவள்’ என்றும் எழுதவில்லை. கேட்டார், குறித்தார், காத்திருந்தார். 1906-இல் அந்த அம்மையார் மறைந்தபின், அவருடைய மூளையை நுண்ணோக்காடியில் ஆராய்ந்தார். நரம்பணுக்களுக்கு இடையே படிந்த கசடுகளையும், அணுக்களுக்குள்ளே முறுக்கிக்கொண்ட இழைகளையும் கண்டார். அவ்வாண்டு நவம்பர் 3-ஆம் நாள் டூபிங்கன் நகரில் அதனை எடுத்துரைத்தார். 1910-இல் கிரேப்பலின் என்னும் பேராசிரியர் தம் நூலில் அந்நோய்க்கு அல்சைமரின் பெயரையே சூட்டினார்.

கணவனைச் சுட்ட கடுஞ்சொற்களின் பிறப்பிடம் அந்தக் கசடும் இழையும்! முதுமை மறதிநோய் எனும் குடும்பத்தில் மிகப் பெரிய பங்கு, நூற்றுக்கு அறுபது முதல் எழுபது வரை, இந்த அல்சைமர் நோய்க்கு உரியது. மூளைக்குச் செல்லும் குருதிக்குழாய்கள் அடைபட்டு வருவது வேறொரு வகை. இல்லாத உருவங்கள் எதிரே நிற்பதுபோல் தெளிவாகத் தெரியும் வகையும் உண்டு. ‘கூடத்தில் ஒரு குழந்தை விளையாடுகிறது’ என்று பாட்டி சொன்னதும், நம் வீடுகளில் வேப்பிலையைத் தேடுகிறார்களே, தேடவேண்டியது மருத்துவரை!

இந்நோய் எங்கோ சிலருக்கு வருவதென்று எண்ணாதே. 2023-இல் வெளியான ஆய்வு மதிப்பீட்டின்படி, இந்தியாவில் 60 வயதும் அதற்கு மேலும் ஆனோரில் 7.4 விழுக்காட்டினர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், இதனோடு வாழ்கின்றனர். உலகெங்கும் ஐந்தரைக் கோடிக்கு மேல். அத்தனை பேருக்கும் பின்னால், உறக்கம் கெட்ட ஒருவர் நிற்கிறார் என்பதையும் சேர்த்து எண்ணு.

இனி அந்த முதியவரின் பழிச்சொல்லை எடுத்துக்கொள்வோம். ‘உளியைத் திருடிவிட்டாள்.’ எப்படி அந்த முடிவுக்கு வந்தார்? புதிய நிகழ்ச்சியைப் பதித்து வைக்கும் மூளைப் பகுதியையே இந்நோய் முதலில் அரிக்கிறது. உளியைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைத்தவர் அவர்தாம். ஒளித்தது பதியவில்லை. வழக்கமான இடத்தில் கை நீட்டுகிறார், உளி இல்லை. உளிக்குக் கால் முளைத்து நடந்திருக்க முடியாது. யாரோ எடுத்திருக்க வேண்டும். தாம் எடுக்கவில்லை என்பது அவருக்கு உறுதி. வீட்டில் இருப்பவளோ அவள் ஒருத்தி. ஆகவே, எடுத்தவள் அவள்தான்!

இதில் பகுத்தறிவுக்குப் பஞ்சம் எங்கே, தோழனே? படிப்படியான தருக்கம்! நீயும் நானும் அவ்வாறே முடிவு கட்டியிருப்போம். அவரிடம் கெட்டது தருக்கமன்று. தருக்கத்துக்குத் தீனி தரும் ஏட்டிலே ஒரு பக்கம் கிழிந்துவிட்டது. கிழிந்த பக்கத்தை வாதம் ஒட்டவைக்குமா? எத்தனை பத்திரம் காட்டினாலும் அதுவும் பதியப் போவதில்லையே! பதியாத உண்மையைத் திரும்பத் திரும்ப ஓதுவதற்கும், பலிக்காத மந்திரத்தைத் திரும்பத் திரும்ப ஓதுவதற்கும் என்ன வேறுபாடு?

பகுத்தறிவு என்பது வாதத்தில் வெல்வது மட்டுமன்று, காரணத்தைத் தேடுவது. ‘ஏன்?’ என்று கேட்பது. கல்லிடம் கற்ற சிற்பிக்கு இது தெரியும். கல் உடைந்துவிட்டால் அவன் கல்லைத் திட்டுவதில்லை. எந்தப் பக்கம் நரம்பு ஓடுகிறது, உளியை எந்தச் சாய்வில் பிடித்தோம் என்றுதான் பார்க்கிறான்.

அந்த ‘ஏன்’ என்னும் கேள்வியைக் கையில் எடுத்தவள் யார் தெரியுமா? மாநாட்டில் பேசாத, நூலகம் செல்லாத அந்த மருமகள்! ஏன் குளிக்க மறுக்கிறார்? பார்த்தாள். தண்ணீர் குளிர்ந்திருந்தது. அதைவிட, மருமகளின் முன்னே ஆடை களைய அந்த மனிதருக்கு நாணம். நினைவு போயிற்றே ஒழிய மானம் போகவில்லை! வெந்நீர் வைத்தாள், இடுப்பில் துண்டைக் கட்டியபடியே குளிக்கவிட்டாள், முதுகு தேய்க்கக் கணவனை அழைத்தாள். உதறல் பெரும்பாலும் நின்றது. ஏன் மாலையில் கலவரம்? பகலெல்லாம் திண்ணையில் உறங்கினார், பொழுது சாய்ந்ததும் நிழல்கள் நீண்டு அவரை அச்சுறுத்தின. விளக்கை முன்னதாகவே ஏற்றினாள், பகலுறக்கத்தைக் குறைத்தாள், மாலையில் கைபிடித்துத் தெருமுனைவரை நடத்திச் சென்றாள். ஏன் நள்ளிரவில் பட்டறை? ஐம்பது ஆண்டுப் பழக்கம், கைகள் வேலை கேட்கின்றன. முனை மழுங்கிய பழைய உளி இரண்டையும், சிறு சுத்தியலையும், மாக்கல் துண்டொன்றையும் பெட்டியில் போட்டு, அவர் கண்ணில் படும் இடத்தில் வைத்தாள். பகலில் தட்டினார். இரவில் கதவை இடிப்பது குறைந்தது. உளி காணாமற்போனால், ‘நான் எடுக்கவில்லை’ என்று வழக்காடுவதை விட்டாள். ‘அடடா, நல்ல உளியாயிற்றே! வாருங்கள் மாமா, தேடுவோம்’ என்றாள். இருவரும் தேடினார்கள். தலையணைக்கு அடியில் கிடைத்தது. ‘கண்டுபிடித்தாயே மக்களே!’ என்று அவர் மகிழ்ந்தார். கள்ளி, மக்களே ஆனாள்!

மருத்துவர்கள் சொல்வதும் இதுவே. நடந்தது என்ன, அதற்குச் சற்று முன் நடந்தது என்ன, பின் நடந்தது என்ன, இம்மூன்றையும் ஒரு ஏட்டில் குறித்துவை. பசியா, வலியா, மலச்சிக்கலா, சிறுநீர் முட்டுகிறதா, கூச்சலா, புதுமுகமா என்று தேடு. நேற்றுவரை அமைதியாக இருந்தவர் இன்று திடீரென்று வெறிகொண்டால், சிறுநீர்த் தொற்றோ காய்ச்சலோ மருந்தின் விளைவோ இருக்கக்கூடும், அன்றே மருத்துவரிடம் செல். வெளியே சென்று வழி தவறக்கூடியவர் சட்டைப்பையில் பெயரும் முகவரியும் எழுதிய அட்டையை வை. அடக்குவதற்கென்று தூக்க மருந்தை நாமே வாங்கிக் கொடுக்கலாகாது. மனக்கலக்கத்துக்குத் தரப்படும் சில வகை மருந்துகள் மறதிநோயுற்ற முதியோரின் இறப்பு வாய்ப்பைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க மருந்துத் துறை 2005-லேயே கடும் எச்சரிக்கை விடுத்தது. மற்ற வழிகள் தோற்றபின், மருத்துவர் கண்காணிப்பில், குறைந்த அளவில், குறைந்த காலத்துக்கு என்பதே நெறி.

காரணத்தைத் தேடாத சமுதாயம் எங்கே போய் நிற்கும்? 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் நாளை எண்ணிப்பார். இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், மனநோயாளரை அடைத்து வைத்திருந்த கொட்டகையில் தீப்பற்றியது. உள்ளே இருந்தவர்கள் ஓடமுடியவில்லை. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர்! இருபத்தெட்டு உயிர்கள் கருகின. நோயைப் பேயென்று கொண்டதனால் வந்த சங்கிலி அது. 2010-இல், விருதுநகர் மாவட்டத்தில், படுத்த படுக்கையான முதியோரை எண்ணெய் தேய்த்து நீராட்டிச் சாகவிடும் ‘தலைக்கூத்தல்’ எனும் கொடுமை வெளிச்சத்துக்கு வந்தது. ஒன்றில் மூடநம்பிக்கை, மற்றொன்றில் சுமை தாங்காத இல்லம். ‘தாங்கமுடியவில்லை’ என்று ஒரு வீடு சொல்லும்போது அதைக் கேட்கக் காதில்லாத ஊர், பிறகு நடப்பதைக் கண்டு வியப்பதில் பொருளில்லை.

இங்கே ஒரு கேள்வி எழும். எழத்தான் வேண்டும், கேள்வி கேட்பவர்களல்லவா நாம்!

ஒரு மாலை, முதியவர் கேட்கிறார்: ‘உன் மாமி எங்கே? சந்தைக்குப் போனவளைக் காணோமே?’ அந்த அம்மையார் இறந்து பன்னிரண்டு ஆண்டுகள். மகன் உண்மையைச் சொன்னான்: ‘அம்மா இறந்துவிட்டாள், அப்பா.’ முதியவர் விம்மி விம்மி அழுதார், இன்றுதான் செய்தி கேட்டவர்போல. அவருக்கு இன்றுதானே செய்தி! அரைமணி நேரத்தில் அழுகை மறைந்தது, காரணமும் மறைந்தது. மீண்டும் கேட்டார்: ‘சந்தைக்குப் போனவளைக் காணோமே?’ ஒரே மாலையில் ஒரே மனிதரை எத்தனை முறை மனைவியை இழக்கச் செய்வது?

அப்படியானால், பொய் சொல்லலாமா? உண்மைக்காக ஊரைப் பகைத்துக்கொள்ளத் துணிந்தவர்கள், வீட்டுக்குள் பொய் பேசலாமா? செருமானியச் சிந்தனையாளர் இம்மானுவேல் காண்ட், 1797-இல் எழுதிய கட்டுரையில், இரக்கத்தின் பொருட்டுக்கூடப் பொய் கூடாது என்று அழுத்தமாக வாதிட்டார். நம் வள்ளுவரோ ‘வாய்மை’ அதிகாரத்தில் வேறு அளவுகோலைக் கையில் எடுத்தார். சொல் நிகழ்ந்தவாறு இருக்கிறதா என்பதோடு நில்லாமல், அதனால் தீமை விளைகிறதா என்றும் பார்த்தார்.

‘ஆறுதலுக்காகப் பொய் சொல்லலாம் என்றால், மோட்சம் உண்டு என்று ஆறுதல் சொல்பவரை மட்டும் ஏன் மறுக்கிறாய்?’ என்று நண்பன் ஒருவன் என்னை மடக்கினான். நேர்மையான கேள்வி. விடை இதுதான். எண்ணிப் பார்க்கும் ஆற்றல் உள்ளவனிடம், அவன் எண்ணாமல் இருக்கட்டும் என்று சொல்லப்படும் பொய் ஒன்று. அது திறக்கக்கூடிய கண்ணை மூடுகிறது. அதனைச் சொல்பவன் ஆதாயம் அடைகிறான், கேட்பவன் அடிமையாகிறான். முதியவரிடம் சொல்லப்படும் சொல் எந்தக் கண்ணையும் மூடவில்லை. உண்மை அவரிடம் அறிவாகச் சென்று சேரவில்லை, புண்ணாக மட்டுமே சென்று சேர்கிறது. அறிவாகாத உண்மையால் யாருக்கு என்ன பயன்?

ஆயினும், இந்த உரிமத்தை வாங்கிக்கொண்டு வாயில் வந்ததையெல்லாம் சொல்லக் கிளம்பாதே. முதலில், பொய்யே வேண்டாத வழி உண்டா என்று தேடு. பெரும்பாலும் உண்டு. அந்த மருமகள் கண்டாள். ‘மாமி நினைவு வந்துவிட்டதா, மாமா? மாமி வைக்கும் மீன்குழம்பு எப்படி இருக்கும், சொல்லுங்கள்’ என்றாள். முதியவர் முகம் மலர்ந்தது. மீன்குழம்பைப் பற்றி ஒரு நாழிகை பேசினார். அவள் பொய் சொல்லவில்லை, புண்ணையும் கீறவில்லை. அவர் கேட்டது செய்தியன்று, துணை. கேட்டதைத் தந்தாள்! வேறு வழியே இல்லாத நேரத்தில் ஒரு சிறு பொய் தேவைப்பட்டால், உன்னையே கேள்: இது அவருடைய அமைதிக்கா, என் வசதிக்கா? அவர் சொத்தில் கையொப்பம் வாங்குவதற்கும், அவரை ஏமாற்றி எங்கோ விட்டுவருவதற்கும் சொல்லப்படும் பொய், இரக்கத்தின் உடையை அணிந்த கொள்ளை.

இன்னொன்று. நோயின் தொடக்கத்தில், எண்ணவும் முடிவெடுக்கவும் வல்லவராக இருப்பவரிடம் நோயை மறைப்பது குற்றம். அப்போது முழு உண்மையும் அவருக்கு உரியது. ‘என்னை யார் பார்த்துக்கொள்ள வேண்டும், எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும்’ என்று அவரே சொல்லட்டும். தம் மருத்துவம் எவ்வாறு அமையவேண்டும் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் வழங்கியிருக்கிறது.

இதுவரை முதியவரைப் பற்றிப் பேசினோம். இனி அவளைப் பற்றிப் பேசவேண்டும்.

ஓரிரவு, மூன்றாம் முறையாக ஈரத்துணி மாற்றும்போது, அவர் அவள் கன்னத்தில் அறைந்தார். அவளும் அவர் கையை ஓங்கித் தட்டிவிட்டாள். முதியவர் குழந்தைபோல் விழித்தார். விடியும்வரை அவள் அடுக்களையில் அமர்ந்து அழுதாள். ‘நான் பாவி’ என்றாள்.

பாவியா அவள்? அடித்தது தவறு. அதில் ஐயமில்லை. அவர்மீது சினம் கொள்ள நியாயமில்லை என்று இத்தனை நேரம் வழக்காடியவன் நான். ஆனால், அந்தத் தவற்றை அவள் ஒருத்தியின் கணக்கிலே எழுதிவிடுவது அதைவிடப் பெரிய தவறு. மூன்று இரவு உறங்காதவளிடம் பொறுமையை எதிர்பார்ப்பது, மூன்று நாள் பட்டினி கிடந்தவனிடம் பளுத்தூக்கச் சொல்வது போன்றது. முடியாததைக் கடமை என்று ஒருவர்மீது சுமத்த எந்த அறநூலுக்கும் உரிமையில்லை. ‘பொறுமையில் பூமாதேவி’ என்று அவளைப் புகழ்கிறார்களே, அந்தப் புகழ்ச்சி என்ன தெரியுமா? ஏர்வாடியில் இரும்பால் செய்தார்கள், நாம் சொல்லால் செய்கிறோம். அதுவும் சங்கிலிதான்!

பெற்ற மகன் அலுவலகம் செல்கிறான், மாலையில் கூட்டம், இரவில் நூல். மற்றொரு மகன் வளைகுடா நாட்டிலிருந்து பணம் அனுப்புகிறான், தொலைபேசியில் ‘அப்பாவை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்’ என்கிறான். மகள் பொங்கலுக்கு வருகிறாள், ‘அப்பா மெலிந்துவிட்டாரே’ என்று அண்ணியைப் பார்க்கிறாள். மூவரும் அன்புடையோர்தாம். ஆனால், இரவு இரண்டு மணிக்குத் துணி மாற்றுவது அவர்களின் அன்புக்குள் அடங்கவில்லை.

பெற்றோர் பராமரிப்புக்கென நாடாளுமன்றம் 2007-இல் சட்டம் இயற்றியது. அதில் ‘பிள்ளைகள்’ என்பதற்குத் தரப்பட்ட பொருளைப் படித்துப் பார். மகன், மகள், பேரன், பேத்தி. மருமகள் அந்த வரிசையில் இல்லை! சட்டம் கடமையை ஒருவர்மீது வைக்கிறது, வழக்கம் வேலையை வேறொருத்தியின் தலையில் ஏற்றுகிறது. கேரளத்தில் மருத்துவர் கே. எஸ். ஷாஜி குழுவினர் இந்நோயாளரின் குடும்பங்களை ஆராய்ந்து 2003-இல் வெளியிட்ட முடிவுகளும் இதைத்தான் காட்டின. பராமரிப்போர் பெரும்பாலும் பெண்கள். நோயின் அறிகுறியை வேண்டுமென்று செய்யும் குறும்பாக எண்ணி அவர்கள் அல்லலுற்றனர். அறிவும் அளிக்கப்படவில்லை, துணையும் அளிக்கப்படவில்லை. அந்த ஆய்வை நடத்திய பன்னாட்டுக் குழுவின் பெயரே ‘10/66’. நோயாளரில் மூன்றில் இரு பங்கினர், அதாவது 66 விழுக்காட்டினர், வளரும் நாடுகளில் வாழ்ந்தும், ஆராய்ச்சியில் பத்து விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இல்லை என்னும் அநீதியைக் குத்திக்காட்டும் பெயர் அது.

தென் திருவிதாங்கூரில் இருந்த இந்த மண்ணை எண்ணு. ஒடுக்கப்பட்டோரின் வேதமாணிக்கம் பிறந்ததும், ரிங்கல்தௌபே 1809-இல் தேவாலயம் எழுப்பியதும் இந்த மயிலாடியில்தான். தோளை மூடும் உரிமைக்காகப் பெண்கள் அடிபட்டதும், 1859-இல் அரசு இறங்கிவந்து ஆணையிட்டதும் இந்தப் பகுதியில்தான். அந்தத் தோள்மீது சீலை இருக்கலாம் என்று ஊர் ஒப்புக்கொண்டது. அந்தத் தோள்மீது எவ்வளவு சுமை இருக்கலாம் என்று ஊர் இன்னும் கேட்கவில்லை.

கேட்கவேண்டியவர்கள் நாம். எப்படி?

முதலில் வீட்டுக்குள். முறை வகுத்துக்கொள். வாரத்தில் எத்தனை இரவு உனக்கு, எத்தனை இரவு அவளுக்கு? அண்ணன் தம்பி அக்காள் தங்கை கூடிப் பேசுங்கள். வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை, உள்ளூரில் ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தித் தரட்டும், ஆண்டுக்கு ஒரு மாதம் வந்து தானே பார்க்கட்டும். முதுகு தேய்ப்பதும் துணி துவைப்பதும் ஆணின் மதிப்பைக் குறைக்கும் என்பவனிடம் கேள்: உன்னைச் சிறுவயதில் தூக்கிச் சுமந்தவரை இன்று நீ சுமப்பதில் எந்த மதிப்புக் குறைகிறது?

பிறகு ஊருக்குள். 1993-இல் கோழிக்கோட்டில் தொடங்கிய நோய்த்தணிப்பு மருத்துவ இயக்கத்தைப் பார். அண்டை அயலார் தன்னார்வலராகப் பயிற்சி பெற்று, நோயாளரின் வீடு தேடிச் சென்றனர். முதுமை மறதிநோய்க்கென 1992-இலேயே கேரளத்தில் ஒரு சங்கம் தோன்றிப் பிற மாநிலங்களுக்கும் கிளை விரித்தது. தமிழ்நாட்டில் 2021-இல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பிறந்தது. வீடு தேடி வரும் மருத்துவம், நோயாளரை மட்டுமன்றி, அவர் அருகே உறங்காமல் நிற்பவரையும் பார்த்து, ‘அம்மா, நீ எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்கவேண்டும் என நாம் கோருவோம். வட்டத்துக்கு ஒரு பகற்பொழுது இல்லம் வேண்டும், மாதத்தில் சில நாளாவது அவளுக்கு ஓய்வு வேண்டும் என்று தீர்மானம் போடுவோம்.

தீர்மானம் நிறைவேறும்வரை சும்மா இருப்பதா? உங்கள் படிப்பகத்தில் பத்து இளைஞர்கள் இருக்கிறார்கள். ஊரில் இத்தகைய வீடுகள் நான்கைந்து இருக்கும். ஒருவர் வாரத்தில் ஒரு மாலை, இரண்டே மணி நேரம், ஒரு முதியவரின் அருகே அமரட்டும். வாதிட வேண்டா, திருத்த வேண்டா. கேட்டால் போதும். அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு பெண் உறங்குவாள்.

அந்த மகனைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். அவன் கூட்டத்துக்குப் போகாத ஒரு ஞாயிறு மாலை. மாக்கல் துண்டைத் தட்டிக்கொண்டிருந்த தந்தையின் எதிரே சென்று அமர்ந்தான். ‘யாரப்பா நீ?’ என்றார் முதியவர். ‘உங்கள் மகன்’ என்று சொல்லிச் சொல்லி அவனுக்குச் சலித்திருந்தது. அன்று, ‘தொழில் பழக வந்திருக்கிறேன்’ என்றான். அது பொய்யுமன்று. முதியவர் அவன் கையைப் பிடித்தார், உளியை வைத்தார், ‘அழுத்தாதே, சாய்த்துப் பிடி. கல் என்ன சொல்லுதுன்னு கேளு’ என்றார்.

பொழுது சாய்ந்தது. விளக்கு முன்னதாகவே எரிந்துகொண்டிருந்தது. உள்ளறையில் அவள் உறங்கிக்கொண்டிருந்தாள்.